பைபிளில் காணாமல் போன தாள்

என் மாமியார் வீட்டில் ஒரு பழைய பைபிள் இருக்கிறது. பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்கும் இடத்தில், குடும்பத்தின் பிறப்பு, திருமணம், இறப்பு எழுதிவைக்க நாலைந்து தாள் விட்டிருப்பார்கள். அதில் ஒன்று இல்லை. "எந்தப் பிள்ளையோ கிழித்திருக்கும்" என்பார்கள். கிழிசலோ கத்தி வைத்து அறுத்தது போல நேராக இருந்தது. எந்தப் பிள்ளை இவ்வளவு ஒழுங்காகக் கிழிக்கும்?

மாமியாருக்கு ஆறு தலைமுறை மேலே ஒருவர், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் கவுண்டியில் ஒரு சின்ன ஊரில் இருந்தார் என்பது மட்டும் குடும்பத்துக்குத் தெரியும். கணவருக்கு இதிலெல்லாம் ஆர்வம் கிடையாது. மருமகள் நான்தான் உட்கார்ந்தேன்.

பிறப்பு சுலபமாகக் கிடைத்தது. மாசசூசெட்ஸில் பல ஊர்களுக்கு 1850 வரையிலான பதிவுகளை அச்சுப் புத்தகமாகவே போட்டிருக்கிறார்கள். பிப்ரவரி 1750/51 என்று இருந்தது. எழுதியவருக்கே சந்தேகமோ என்று நினைத்தேன். அப்படியில்லை, 1752 வரை அங்கே மார்ச் 25-ல்தான் புது வருடம். அவர்கள் கணக்கில் 1750, நம் கணக்கில் 1751.

அடுத்துதான் சறுக்கினேன். ஊர்ப் பதிவில் அதே பெயரில் ஒரு 'ஜூனியர்' இருந்தார். மகன் என்று முடிவு கட்டி இரண்டு மாதம் அவர் பின்னால் அலைந்தேன். அந்தக் காலத்தில் ஓர் ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் வயதில் இளையவர் ஜூனியர், அவ்வளவுதான். சொந்தமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மூத்தவர் போய்விட்டால் ஜூனியர் சீனியராகிவிடுவார்! இணையத்தில் கிடைக்கும் வம்சாவளி மரங்களில் பாதி இந்த இருவரையும் ஒருவராக்கி வைத்திருக்கின்றன.

1790-ல் எடுத்த முதல் சென்சஸும் உதவவில்லை. குடும்பத்தலைவர் பெயர் மட்டும் இருக்கும். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. மனைவி பெயர் இல்லாமல் இரண்டு பேரில் எவர் நம்மவர் என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்கச் சுதந்திரப் போர் வீரர்களின் பென்ஷன் கோப்புகளைத் தேடச் சொன்னார் நூலகத்தில் ஒரு அம்மா. தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். கோப்பு எண் 'டபிள்யூ' என்று தொடங்கியது. விதவை விண்ணப்பித்திருக்கிறார் என்று அர்த்தம்.

முதலில் அந்த வீரருடைய காகிதங்கள். 1818 சட்டப்படி மாதம் 8 டாலர் பென்ஷன். 1820-ல் விதி இறுகியது: ஏழை என்று நிரூபிக்கக் கோர்ட்டில் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். உடுப்பும் படுக்கையும் மட்டும் கணக்கில் வராது. ஒரு பசு, இரண்டு ஆடு, ஓர் இரும்புப் பானை, உடைந்த நாற்காலிகள். 'உடைந்த' என்பதையும் எழுதியிருந்தார்கள். கீழே நடுங்கிய கையெழுத்து. வயது 69 என்றிருந்தது. பிப்ரவரி 1751 கணக்கோடு பொருந்தியது. போரில் துப்பாக்கி பிடித்த மனுஷன் உடைந்த நாற்காலியை எண்ணிச் சொல்லும்படி ஆனதே என்று கொஞ்ச நேரம் அடுத்த பக்கம் போகவில்லை.

அப்புறம் அவர் மனைவியான பாட்டியின் மனு. 1838-ல் வந்த சட்டம், 1794-க்கு முன் கல்யாணம் ஆன விதவைகளுக்குப் பென்ஷன் தந்தது. கல்யாணத் தேதிக்கு அத்தாட்சி வேண்டும். பலர் செய்ததையே இவரும் செய்திருக்கிறார்: பைபிள் தாளை அறுத்து வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டார். அடுத்த படத்தில் அந்தத் தாள். 1786-ல் கல்யாணம், பாட்டியின் பெயர், கீழே ஏழு பிள்ளைகள். ஒரே பெயர் இரண்டு முறை; முதல் குழந்தை இறந்ததும் அடுத்ததுக்கு அதையே வைத்திருக்கிறார்கள். இடது ஓரம் கத்தி வைத்தது போல நேராக.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். மாமியார் ஒன்றும் சொல்லாமல் பைபிளைத் திறந்து அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். காகிதம் கொஞ்சம் பெரிதாக இருந்தது. கத்தரிக்கோல் கேட்டார்.