எட்டு மாதச் சிவப்பு

எங்கள் ப்ராஜெக்ட்டில், கோடு சரியா என்று தானாகச் சோதிக்கும் டெஸ்ட்களில் ஒன்று எட்டு மாதமாக ஃபெயில். ‘நிலா’வுக்கு இரண்டு எழுத்து என்று அது எதிர்பார்க்கும்; பைத்தானில் நீளம் எண்ணும் லென் நான்கு என்று சொல்லும். ந, இகரக் குறி, ல, கால் எல்லாம் அதற்குத் தனித்தனிக் கணக்கு. அதனால் எல்லா டெஸ்ட்டையும் ஓட்டிப் பார்க்கும் பில்டு தினமும் சிவப்பு, அதாவது ஃபெயில். “அது எப்பவும் அப்படித்தான்” என்று தாண்டிப் போவோம். அந்தச் சிவப்புக்குள் நிஜப் பிழை ஒன்று இரண்டு நாள் ஒளிந்திருந்தது.

முதலில் அந்த டெஸ்ட்டுக்கு ஸ்கிப் என்ற குறியைப் போட்டேன். சோம்பேறி வேலை, டெஸ்ட் ஓடவே ஓடாது. அப்புறம் டெஸ்ட் ஓட்டும் கருவியான பைடெஸ்ட்டின் எக்ஸ்ஃபெயிலுக்கு (‘இது ஃபெயில் ஆகும் என்று தெரியும்’ என்ற குறி) மாற்றி, காரணமும் பிழையைப் பதிந்த டிக்கெட்டின் எண்ணும் எழுதி, அதன் ஸ்ட்ரிக்ட் அமைப்பை ட்ரூ ஆக்கினேன்.

போன வாரம் பில்டு திடீரென உடைந்தது. பார்த்தால், டீமில் யாரோ, எழுத்தையும் அதன் குறியையும் சேர்த்து ஒன்றாக எண்ணத் தெரிந்த ரீஜெக்ஸ் மாட்யூலை வைத்து எழுத்தெண்ணிக்கையைச் சரிசெய்திருக்கிறார்கள். ஃபெயில் ஆக வேண்டிய டெஸ்ட் பாஸ் ஆனதைத்தான் ஸ்ட்ரிக்ட் அமைப்பு ‘ஃபெயில்’ என்று காட்டியிருக்கிறது. எக்ஸ்ஃபெயில் குறியை அழித்துவிட்டு டிக்கெட்டை மூடினேன்.