விரல் நுனியில் ஒரு கட்டி

வடசென்னையில் அறுவை சிகிச்சை பார்க்கும் எனக்கு முதுகு, கழுத்து, காதுக்குப் பின்னால் வரும், உறைக்குள் வெள்ளைச் சரக்கு சேர்ந்த தோல் கட்டிகள் (எபிடெர்மாய்டு சிஸ்ட்) அன்றாட வேலை. நடுவில் கரும்புள்ளி தெரிந்தால் இது அதுதானா என்று யோசிக்கவே வேண்டியதில்லை. யோசிக்க வைப்பது, வழக்கமாக வராத இடத்தில் வந்து நிற்கும் கட்டிதான்.

காசிமேட்டில் மீன் வெட்டும் அக்கா ஒருவர் ஆள்காட்டி விரல் நுனியில் பட்டாணி அளவு கட்டியோடு வந்தார். சுண்ணாம்பும் சோப்பும் குழைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று. தோல் வெந்ததுதான் மிச்சம். "எப்பவாவது முள் குத்திச்சாக்கா?" என்றேன். "முள்ளு குத்தாத நாளு எது சார்?" என்று சிரித்தார்.

விடை அதிலேயே இருந்தது. இந்தக் கட்டி வழக்கமாகக் கிளம்புவது மயிர்க்காலில் இருந்து; உள்ளங்கையிலும் விரலின் உள்பக்கத்திலும் மயிர்க்கால் கிடையாது. அங்கே இந்தக் கட்டி வந்தால், பெரும்பாலும் ஏதோ குத்தி, மேல்தோலின் துணுக்கு உள்ளே போயிருக்கும். அது உள்ளேயும் தோலாகவே வளர்ந்து கெரட்டின் என்ற தோல் புரதத்தை உதிர்த்துக்கொண்டே இருக்கும். உதிர்ந்தது வெளியேற வழியில்லை. தையல்காரர்களுக்கும் இப்படி வருவதுண்டு. குத்தியதை மறந்து மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்துக்கூட வீங்கும்.

எலும்பை அரித்திருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்த்துவிட்டு, விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போகும் ஊசி. ரத்தம் வராமல் அடியில் ரப்பரால் ஒரு கட்டு. பொருளைப் பிடிக்கும் சதையின் நடுவில் கீறினால் தழும்பு ஆயுசுக்கும் உறுத்தும். அதனால் பக்கவாட்டில் கீறினேன். நரம்பை ஒதுக்கி, சுற்றியிருந்த நாரை மெல்ல விலக்கியதும் வெள்ளையாக, முத்து மாதிரி, உறையோடு முழுசாக வந்தது. இதில் அவசரப்படக் கூடாது. உறையில் ஒரு துணுக்கு தங்கினாலும் கட்டி திரும்ப வரலாம். பிதுக்கிவிடுபவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்: சரக்கு வெளியே வரும், உறை உள்ளேயே இருக்கும். சீழ் பிடித்து வந்தால் கதை வேறு. முதலில் சீழை எடுத்துவிட்டு, புண் ஆறிய பிறகுதான் உறைக்குப் போக வேண்டும்.

இடம் மாறினால் கட்டியின் வகையும் மாறலாம். குழந்தைகளுக்குப் புருவ ஓரத்தில் வருவது பெரும்பாலும் பிறவிக் கட்டி. மூக்கின் நடுக்கோட்டில் இருந்தால் ஸ்கேன் இல்லாமல் கத்தி வைக்கவே மாட்டேன். மூளை வரைக்கும் தொடர்பு இருக்கலாம்.

அக்காவின் விரலில் எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். சாதாரணக் கட்டி என்றே முடிவு வந்தது. தையல் பிரிக்க வந்த அக்காவிடம் கையுறை போடச் சொன்னேன். "மீனு வழுக்கும் சார்" என்றார்.