குரோம் தானாக வேறெங்கோ போனபோது

மச்சான் சிவகாசியில் டிடிபி கடை வைத்திருக்கிறார். காலண்டர், கல்யாணப் பத்திரிகைதான் பிரதானம். இடையிடையே இபி பில், பான் கார்டு விண்ணப்பம், ஹால் டிக்கெட் பிரிண்ட் என்று ஆன்லைன் வேலையும் நடக்கும். "மாப்ளே, கூகுள்ல எதைத் தேடினாலும் வேற எங்கயோ கூட்டிட்டுப் போகுது, வந்து பாருங்க" என்று போனில் சொன்னார்.

போய்ப் பார்த்தேன். முகவரிப் பெட்டியில் எதையாவது அடித்து என்டர் தட்டினால் அரை நொடி கூகுள் எட்டிப் பார்க்கும். உடனே வாயில் நுழையாத ஒரு முகவரி மின்னி மறையும். கடைசியில் கேள்வியே படாத ஒரு தேடல் பக்கம் வந்து நிற்கும். மின் கட்டணம் என்று தேடினால், யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத 'பில் கட்டும்' தளங்கள் விளம்பரமாக முன்னால் வரும். மின்வாரியத்தின் தளம் எங்கோ கீழே கிடக்கும். தினமும் ஊரார் பணத்தைக் கட்டித் தருகிற கடையில் இதை வெறும் தொல்லை என்று விட முடியாது.

கடைப்பையன் அதற்குள் 'வைரஸ் நீக்கும் மென்பொருள்' ஒன்றைத் தேடி டவுன்லோடு போட்டிருந்தான். அதை முதலில் நிறுத்தினேன். தேடலே களவு போயிருக்கும்போது, அந்தத் தேடல் காட்டும் மருந்தை எப்படி நம்புவது?

கோளாறு எந்த இடத்தில் என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. என் போனை அதே வைஃபையில் இணைத்துத் தேடினேன், ஒழுங்காக வந்தது. போனிலும் இதே கூத்து நடந்திருந்தால் ரவுட்டரின் டிஎன்எஸ் அமைப்பைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். எந்தப் பெயருக்கு எந்த சர்வர் என்று சொல்வது டிஎன்எஸ். அதை மாற்றிவிட்டால் சரியான முகவரியை அடித்தாலும் தப்பான இடத்துக்குத்தான் போவோம். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் இப்படித்தான் உலகம் முழுக்கச் சுமார் 40 லட்சம் கணினிகளைப் பிடித்தது. 2011 நவம்பரில் எஸ்டோனியாவில் அந்தக் கும்பல் சிக்கியது. அவர்களுடைய சர்வர்களைச் சட்டென்று நிறுத்தினால் தீநிரலில் மாட்டிய கணினிக்காரர்கள் எல்லோருக்கும் இணையமே போய்விடும் என்பதால், நீதிமன்ற அனுமதியோடு 2012 ஜூலை 9 வரை மாற்று சர்வர்களை ஓட்ட வேண்டியிருந்தது.

சரி, இங்கே ரவுட்டர் இல்லை. அதே கணினியில் எட்ஜ் உலாவி ஒழுங்காக வேலை செய்தது. குரோமிலும், வரலாற்றைச் சேமிக்காத இன்காக்னிட்டோ ஜன்னலில் தேடினால் எங்கேயும் தாவவில்லை. உலாவியோடு நாம் கூடுதலாகச் சேர்க்கும் குட்டி நிரல்கள்தான் எக்ஸ்டென்ஷன்கள். நாமாக அனுமதி தந்தால் ஒழிய அவை இன்காக்னிட்டோவில் ஓடாது. ஆக, ஆள் எக்ஸ்டென்ஷன்களுக்குள்தான் இருக்கிறான்.

எக்ஸ்டென்ஷன் பக்கத்தைத் திறந்தால் பிடிஎஃப் கருவி மாதிரி சாதுவான பெயரில் ஒன்று உட்கார்ந்திருந்தது. எல்லாத் தளங்களிலும் உள்ளதைப் படிக்கவும் மாற்றவும் அதற்கு அனுமதி. மற்றவற்றுக்கெல்லாம் இருந்த நீக்கும் பொத்தான் இதற்கு மட்டும் இல்லை. குரோம் மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனம் இந்த உலாவியை நிர்வகிக்கிறது' என்கிற பொருளில் ஒரு வரி. மூன்று பேர் வேலை பார்க்கும் கடையை எந்த நிறுவனம் நிர்வகிக்கிறது? சில ஆன்டிவைரஸ்களாலும் அந்த வரி வருவதுண்டு. ஆனால் நீக்க முடியாத எக்ஸ்டென்ஷனும் கூடவே இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

அலுவலகங்கள் தங்கள் கணினிகளுக்கு விதி போடுவதற்காகக் குரோமில் பாலிசி என்று ஒரு வசதி உண்டு. அதற்கென்றே உள்ள பக்கத்தைத் திறந்தால், எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட், அதாவது கட்டாயமாகப் போட வேண்டியவை என்ற தலைப்பில் 32 எழுத்து நீளத்துக்கு ஓர் அடையாளக் குறி. எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் டெவலப்பர் மோடைப் போட்டதும் அதே குறி இந்தப் 'பிடிஎஃப் கருவி'யின் கீழே தெரிந்தது. இந்த விதி, விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கூகுள் குரோமுக்கான பாலிசீஸ் பகுதியில் எழுதப்பட்டிருக்கும். பேக்கப் எடுத்துவிட்டு அந்த வரியை நீக்கினேன். எக்ஸ்டென்ஷனும் போனது. ரீஸ்டார்ட் செய்ததும் இரண்டும் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டன.

திரும்ப வந்தால் யாரோ திரும்ப எழுதுகிறார்கள் என்று அர்த்தம். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் தேடியபோது, லாகின் ஆகும் ஒவ்வொரு முறையும் பவர்ஷெல் என்ற விண்டோஸின் கட்டளைக் கருவியை ஓட்டும் ஒரு வேலை பதிவாகியிருந்தது. பெயர் ஏதோ அப்டேட் என்று. அது கூப்பிட்ட கோப்பு ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் இருந்தது. கோப்பின் தேதியும், கடையில் டிசைன் மென்பொருளைக் காசு கட்டாமல் ஓட்டுவதற்கான கிராக் ஒன்றைப் போட்ட தேதியும் ஒன்று. அந்த கிராக்கோடு வந்த குறிப்பைப் பையன் பத்திரமாக வைத்திருந்தான். 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்பதுதான் முதல் வரி. நம் ஊர் அச்சுத் தொழிலில் பாதிப்பேர் இந்த வரியைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள், என்ன செய்ய?

அந்த வரி நினைவில் இருந்ததால் விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்குளூஷன் பட்டியலையும் திறந்தேன். ஸ்கேன் செய்யும்போது தொடாதே என்று நாம் சொல்லி வைக்கும் இடங்கள் அவை. அங்கே சி டிரைவ் முழுவதுமே இருந்தது. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் பச்சை டிக்கோடு 'எல்லாம் நலம்' என்று காட்டிக்கொண்டிருந்ததன் ரகசியம் இதுதான்.

இந்த முறை வரிசையை மாற்றினேன். முதலில் ஷெட்யூலர் வேலை, அடுத்து அந்தக் கோப்பு, அப்புறம் ரெஜிஸ்ட்ரி வரி, கடைசியாக எக்ஸ்குளூஷன். பிறகு டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே ஓடுவதால், ஒளிந்திருப்பவை தப்பிப்பது கடினம். சுமார் கால் மணி நேரம்தான் ஆகும். அந்த கிராக் கோப்பையும் அதுவே பிடித்தது. பின்னர் மால்வேர்பைட்ஸின் ஆட்கிளீனரையும், என் மடிக்கணினியில் அவர்கள் தளத்திலிருந்தே இறக்கி, இந்தக் கணினிக்குக் கொண்டுவந்து ஓட்டினேன். மிச்சம் மீதி விளம்பரக் குப்பைக்கு அது நல்ல துடைப்பம். ரீஸ்டார்ட் செய்தும் எதுவும் திரும்பவில்லை.

ஆனாலும் அந்தக் கணினியை நான் முழுதாக நம்பவில்லை. அட்மின் உரிமையோடு ஓடிய நிரல் வேறென்ன செய்தது என்று யாரால் சொல்ல முடியும்? ஃபார்மேட் அடிக்கலாம் என்றேன். மச்சான் கையெடுத்துக் கும்பிட்டார். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகி காலண்டர் ஆர்டர் குவிகிற நேரம். அதனால் பணம் புழங்கும் வேலை அத்தனையையும் வேறு கணினிக்கு மாற்றினோம், இது டிசைனுக்கு மட்டும் என்றானது. மெயில், வங்கி பாஸ்வேர்டுகளைப் போனிலிருந்தே மாற்றச் சொன்னேன். கூடவே எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக்அவுட். பாஸ்வேர்டு இல்லாமலே, நாம் லாகின் ஆனதை உலாவி நினைவில் வைக்கும் குக்கீயைத் திருடி வைத்து உள்ளே நுழைய முடியும் என்பதால் இரண்டாவது முக்கியம். பொங்கல் முடிந்து ஃபார்மேட் அடித்தோம். பையனுக்கு அட்மின் உரிமை இல்லாத தனி அக்கவுண்ட், குரோமில் நோட்டிஃபிகேஷன் கேட்கும் வழியே அடைப்பு. 'ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் அழுத்தவும்' என்று விளம்பரம் திணிப்பவர்களுக்கு அதற்கப்புறம் அங்கே வேலையில்லை.

எக்ஸ்டென்ஷன்களை இரண்டோடு நிறுத்தச் சொன்னேன். நல்லது என்று நம்பிப் போட்டதே நாளைக்கு மாறலாம். கிரேட் சஸ்பெண்டர் என்று பெரிய பெயர் எடுத்த ஒன்றை 2020இல் அதன் ஆசிரியர் வேறொருவருக்குக் கைமாற்றினார். 2021 பிப்ரவரியில் தீநிரல் என்று சொல்லி கூகுளே அதை முடக்கியது.

பிறகு ஒரு நாள் பையனே கூப்பிட்டான். ஏதோ எழுத்துரு தளத்தில் நுழைந்திருக்கிறான். 'நீங்கள் மனிதர்தானா' என்று கேட்டுவிட்டு, விண்டோஸ் பட்டனோடு ஆர், பிறகு கண்ட்ரோலோடு வி, பிறகு என்டர் என்று மூன்று படி சொல்கிறதாம். "அண்ணே, இது கேப்ச்சா மாதிரி இல்லையே?" என்றான். எதையும் அழுத்தாதே, நோட்பேடைத் திறந்து அங்கே ஒட்டிப் பார் என்றேன். பவர்ஷெல் என்று தொடங்கி, ஜன்னலை மறைத்து ஓடச் சொல்லி, எங்கிருந்தோ ஒரு கோப்பை இறக்கும் நீளமான கட்டளை வந்து விழுந்தது. கேப்ச்சா பெட்டியில் டிக் அடித்தபோதே தளம் அதைக் கிளிப்போர்டில் வைத்திருக்கிறது. 2024இலிருந்து பரவலாக நடக்கிற வேலை இது, பாஸ்வேர்டு திருடும் நிரல்கள் பல இந்த வழியில்தான் நுழைகின்றன. நாமே நம் கையால் ஓட்டுவதால் உலாவியின் எச்சரிக்கை எதுவும் குறுக்கே வராது.

பக்கத்தை மூடிவிட்டு, வேறு ஏதாவது ஒரு சொல்லை காப்பி செய்து கிளிப்போர்டை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். அவன் அந்தத் திரையைப் படமெடுத்து, பஜாரில் உள்ள மற்ற டிடிபி கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். ஏற்கெனவே என்டர் தட்டிவிட்ட ஒருவர் அதைப் பார்த்துவிட்டு மச்சானைக் கூப்பிட்டார். நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, போனில் இருந்து பாஸ்வேர்டு மாற்றச் சொல்லுங்கள், பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடிக்கச் சொல்லுங்கள் என்றேன். பணம் போகவில்லை. அவர் கணினியை இந்த வாரம் ஃபார்மேட் அடிக்கிறோம்.