குளிர்நாட்டு வண்டியும் தெலுக் பாஹாங் புழுக்கமும்

சென்ற பள்ளி விடுமுறையில் என் மாமா, வார நாள்களில் தேங்காய் ஏற்றும் தமது ஹையேஸ் வேனுக்குள் பலகைக் கட்டில் ஒன்றையும் சிறிய கேஸ் அடுப்பையும் பொருத்தி, எங்களைப் பினாங்கின் தெலுக் பாஹாங் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். கதவைத் திறந்தால் கொசு, மூடினால் புழுக்கம். இரவு 11 மணிக்குள் மெத்தை வியர்வையில் நனைந்துவிட்டது. உறங்க முடியாமல் கிடந்தபோதுதான், இப்படி உள்ளேயே படுத்துறங்கும் கேம்பர்வேன் என்ற வண்டியை முதலில் கற்பனை செய்தவர்கள் குளிருக்குப் பயந்தவர்கள் என்பது எனக்கு உறைத்தது.

1885இல் பிரிட்டிஷ் கடற்படையின் முன்னாள் மருத்துவர் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ், பிரிஸ்டலில் கட்டுவித்த 'வாண்டரர்' என்னும் குதிரை வண்டியில் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை உலாப் போனார். ஜிப்சிகள் பிழைப்புக்காக வாழ்ந்த வண்டியை ஒரு கனவான் பொழுதுபோக்குக்காக எடுத்துக்கொண்ட கதை இது. குறுகிய சாலையில் எதிரே வருவோரை எச்சரிக்க, அவருடைய பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்றாராம்.

கேம்பர்வேன் என்றதும் நம் கண்முன் வருவது ஃபோக்ஸ்வாகன் கோம்பிதான். நெதர்லாந்து வணிகர் பென் பான் 1947இல் கிறுக்கிய ஓவியத்திலிருந்து பிறந்து, 1950இல் உற்பத்திக்கு வந்த வண்டி அது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்கென 'கேம்பிங் பாக்ஸ்' என்ற பெட்டியைச் செய்தது. வார இறுதியில் உள்ளே வைத்தால் படுக்கையும் அலமாரியும் கிடைக்கும்; திங்கட்கிழமை கழற்றி வைத்துவிட்டுச் சரக்கேற்றலாம். மாமாவின் தேங்காய் வேனும் இதே குடும்பம்தான், அவருக்கு அது தெரியாவிட்டாலும். பிரேசிலில் 2013 வரை கோம்பியைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்கர்களின் பேருந்து போன்ற மோட்டார் ஹோம்களை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவை சக்கரம் வைத்த வீடுகள். ஜப்பானியர்களின் கெய் கேம்பர்தான் என்னை வியக்க வைக்கிறது. வரிச்சலுகை பெறும் சிறுவாகன வரம்பான 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலத்துக்குள், 660 சிசி இயந்திரத்தையும் வைத்துக்கொண்டு, இருவர் படுக்க இடமும் மடக்கு மேசையும் அமைத்துவிடுகிறார்கள். நியூசிலாந்திலோ வண்டியின் உள்ளமைப்பையே சட்டம் தீர்மானிக்கிறது: 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி, தன்னிறைவு வாகனம், அதாவது நீரையும் கழிவையும் தனக்குள்ளேயே தேக்கிக்கொள்ளும் வண்டி, என்ற சான்று பெறக் கழிப்பறை நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.

நமக்கு ஏற்ற யோசனை, வேடிக்கையாக, குளிர்ந்த இங்கிலாந்திலிருந்தே வந்திருக்கிறது. ஃபோக்ஸ்டனில் மார்ட்டின் வால்ட்டர் நிறுவனம் செய்த டார்மொபைல் வண்டிகளில் கூரையின் ஒரு பக்கம் கீலில் நிற்க, மறுபக்கம் கோடு போட்ட துணியோடு மேலே எழும்பும். நிமிர்ந்து நிற்பதற்காக அவர்கள் செய்த ஏற்பாடு அது. சூடான காற்று மேலேறும் என்பதால், அந்தத் துணியின் இடத்தில் கொசுவலை இருந்தால் பினாங்கில் அதுவே புகைபோக்கியாகிவிடும்.

மாமாவிடம் சொன்னேன். கூரையை அறுக்க அவருக்கு மனம் வரவில்லை. மறுநாள் லிட்டில் இந்தியாவுக்குப் போய், பின்கதவின் அளவைச் சணல் கயிற்றில் முடிச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டி, நான்கு மீட்டர் வெள்ளைக் கொசுவலை வாங்கி வந்தார்.