ஊதியதில் பூஜ்யம், ஆனாலும் கைது

உடம்பெல்லாம் தடித்து அரித்தது. இரவு பதினொரு மணிக்கு ஒரு அலர்ஜி மாத்திரை போட்டேன். அடங்கவில்லை. மூன்று மணிக்கு இன்னும் இரண்டு. டைஃபென்ஹைட்ரமின், ஒன்று 25 மில்லிகிராம். டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கிய மாத்திரை. ஐந்தரைக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

கொஞ்ச தூரத்திலேயே பின்னால் போலீஸ் விளக்கு. இரண்டு முறை கோட்டைத் தாண்டினேனாம். எனக்குத் தெரியவே இல்லை. அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், அதைச் சொல்லியாக வேண்டும். ஊதச் சொன்னார். பூஜ்யம். அதோடு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் அவருடைய சந்தேகம் அங்கேதான் வலுத்தது. பேச்சு குழறுகிறது, கண்பாவை விரிந்திருக்கிறது, மது இல்லை. அப்படியென்றால் வேறு என்ன?

சாலையோரத்தில் சோதனைகள் தொடங்கின. பேனாவைக் கண்ணுக்கு முன்னால் மெதுவாக நகர்த்தி, தலையை அசைக்காமல் பார்க்கச் சொன்னார். குதிகாலை விரல் நுனியில் ஒட்டி ஒன்பது காலடி நடந்து, திரும்பி, மறுபடி ஒன்பது காலடி. அப்புறம் ஒற்றைக் காலில் நிற்பது. மூன்று முறை காலை ஊன்றிவிட்டேன். கடைசியாக, தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடி, 30 நொடி ஆனதும் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். கடிகாரத்தைக் காட்டினார்: 52 நொடி.

கைவிலங்கு மாட்டினார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து யாரிடமும் திட்டு வாங்காத ஆள் நான். காரின் பின்சீட்டில் உட்கார்ந்து அழுதேன்.

நிலையத்தில் போதைப்பொருள் சோதனைக்கென்று பயிற்சி பெற்ற இன்னொருவர் வந்தார். நாடித்துடிப்பை இடைவெளி விட்டு மூன்று தடவை எண்ணினார். ரத்த அழுத்தம், உடல் வெப்பம் பார்த்தார். இருட்டறையில் கண்பாவையை அளந்தார். கையில் ஊசித் தழும்பு இருக்கிறதா என்று தேடியபோதுதான் எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. பிறகு சாம்பல் நிற மூடி போட்ட குழாய்களில் ரத்தம் எடுத்தார்கள். முத்திரை என் கண்முன் ஒட்டப்பட்டதா, நேரம் சரியாக எழுதப்பட்டதா என்பதை நான் கவனிக்கவே இல்லை. வக்கீல் முதலில் கேட்டதே அதைத்தான்.

இதே நிலைமை யாருக்காவது வந்தால் ஒன்று சொல்வேன். என்ன மருந்து, எப்போது, எவ்வளவு என்பதை மறைக்க வேண்டாம். உடம்புக்கு ஏதாவது ஆனாலும் அது தேவைப்படும். மற்றபடி வக்கீல் வரும்வரை வாயைத் திறக்காதீர்கள். “தூக்கமே இல்ல சார், தலை சுத்துது” என்று நான் பரபரப்பில் சொன்ன வரி, அறிக்கையில் அப்படியே இருந்தது.

ரத்தச் சோதனை முடிவு வரப் பல வாரம் ஆனது. முதல்கட்டச் சோதனை வேகமானது, ஆனால் ஒன்றை இன்னொன்றாகக் காட்டிவிடக்கூடும். அதனால் மூலக்கூறின் எடையை வைத்துப் பொருளை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி மூலம் உறுதிசெய்கிறார்கள். கஞ்சா இல்லை, வேறு எந்தத் தடைசெய்த பொருளும் இல்லை. டைஃபென்ஹைட்ரமின் மட்டும்.

‘அப்போ நான் நிரபராதி’ என்று துள்ளினேன். வக்கீல் உட்காரச் சொன்னார். சட்டம் கேட்பது, மருந்து கடையில் வாங்கியதா தெருவில் வாங்கியதா என்பதை அல்ல. அது வண்டி ஓட்டும் திறனைக் குறைத்ததா என்பதைத்தான். அந்த மருந்து போட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்கு வரும். மூன்று மணிக்குப் போட்டு ஐந்தரைக்கு ஓட்டியிருக்கிறேன். மாத்திரைப் பெட்டியை அவர் மேஜைமேல் வைத்தார். வண்டி ஓட்டக் கூடாது என்று அதிலேயே எழுதியிருந்தது.

கைது செய்தவர்மேல் எனக்கிருந்த கோபம் அன்றைக்கே போய்விட்டது. அந்த 52 நொடிதான் காரணம். என் மனசுக்குள் 30 நொடி ஓடி முடிவதற்குள் வெளியே 52 நொடி ஓடியிருக்கிறது. அந்த நிலையில், குறுக்கே யாராவது ஓடி வந்திருந்தால் என் கால் பிரேக்குக்குப் போயிருக்காது.

கவனக்குறைவாக ஓட்டியதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் இல்லை. டாக்டரிடம் நடந்ததைச் சொன்னதும் மாத்திரையை ஃபெக்ஸோஃபெனடின் என்ற வேறொரு அலர்ஜி மருந்துக்கு மாற்றினார். தூக்கம் வருமா என்று இரண்டு தடவை கேட்டேன். “பெரும்பாலும் வராது. ஆனா முதல் நாள் வீட்டுல இருந்து பாத்துக்கோங்க” என்றார். இருந்தேன்.