எண்ணெய்க் குப்பியில் ஓர் உடன்படிக்கை

மின்மாற்றி எண்ணெயைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேதியியலாளராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தேன். ஈரப்பதம், அமிலத்தன்மை, மின்தாங்கு திறன் ஆகியவையே எங்கள் அன்றாடச் சோதனைகள். பி.சி.பி. எனப்படும் பாலிகுளோரினேட்டட் பைபீனைல் என்ற நச்சு வேதிப்பொருளைத் தேடத் தொடங்கியது, 2016 ஏப்ரலில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் ஆணை வெளியிட்ட பிறகுதான். அதன் தயாரிப்பையும் இறக்குமதியையும் உடனே தடைசெய்த அந்த ஆணை, பயன்பாட்டை 2025 டிசம்பர் 31க்குள் அடியோடு நிறுத்தச் சொன்னது. 2001இல் உருவாகி 2004இல் நடைமுறைக்கு வந்த, எளிதில் சிதையாத நச்சுப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா 2006இல் ஏற்றதன் தொடர்ச்சி அது.

எளிதில் தீப்பிடிக்காது, சிதையாது என்பதற்காகவே மின்மாற்றிகளில் விரும்பி ஊற்றப்பட்ட திரவம் பி.சி.பி.; அந்தச் சிதையாமையே பின்னர் வினையாயிற்று. கொழுப்பில் தங்கி, உணவுச் சங்கிலியில் மேலேறி, அதைத் தயாரிக்கவே செய்யாத வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் தாய்மாரின் பாலிலும் 1980களில் அது காணப்பட்டது. ஒரு நாடு தனியாகத் தடைசெய்து பயனில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

எண்ணெயின் பத்து லட்சம் பங்கில் 50 பங்கு பி.சி.பி. என்பது எங்கள் எல்லைக்கோடு. 200 கிலோ எண்ணெயில் 10 கிராம், அதாவது ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி கலந்தாலே அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். முதற்கட்டச் சோதனையில் சோடிய உலோகத்தைக் கொண்டு பி.சி.பி.யின் ஒரு கூறான குளோரினை எண்ணெயிலிருந்து பிரித்து அளப்போம். குளோரின் எங்கிருந்து வந்தது என்பதை அந்தச் சோதனை பார்ப்பதில்லை. கையுறை அணியாமல் தொட்டால் வியர்வையின் உப்புகூடக் கணக்கில் ஏறிவிடும். ஆகவே ஐயத்துக்குரிய மாதிரிகளை சேர்மங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்பாய்வுக் கருவியில் ஏற்றி உறுதிசெய்துகொள்வோம்.

ஒருமுறை, சாதாரணக் கனிம எண்ணெய் ஊற்றப்பட்டிருந்த சிறிய மின்மாற்றி ஒன்றின் மாதிரி 50ஐத் தாண்டியது. இருமுறை மீண்டும் சோதித்தும் முடிவு மாறவில்லை. அதைப் பழுதுபார்த்த பட்டறைக்கே போய் விசாரித்தபோதுதான் காரணம் புரிந்தது: பல மின்மாற்றிகளின் எண்ணெயையும் ஒரே ஃபில்டர் இயந்திரத்தில் ஓடவிட்டுச் சுத்தம் செய்துவந்திருக்கிறார்கள். பழைய மின்மாற்றி ஒன்றிலிருந்து வந்த நஞ்சு குழாயிலும் தொட்டியிலும் தங்கி, அடுத்தடுத்து வந்தவற்றுக்கெல்லாம் பரவியிருக்கிறது. அங்கே யாரும் தெரிந்து தவறு செய்யவில்லை. அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை என்பதே எனக்கு வலித்தது. உடன்படிக்கை ஜெனீவாவில் எவ்வளவு கவனமாக விவாதிக்கப்பட்டாலும், அது நிறைவேறவேண்டிய இடம் அந்த எண்ணெய்க் கறை படிந்த தரைதான் என்று அன்று நினைத்தேன்.

அந்த எண்ணெயைத் திறந்தவெளியில் எரிக்கக் கூடாது, அரைகுறை வெப்பத்தில் எரிந்தால் டையாக்சின், ஃபியூரான் என்னும் கொடிய நஞ்சுகள் உண்டாகும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அங்கிருந்த மூத்த தொழிலாளி ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். கழித்த எண்ணெயைக் கரையான் அரிக்காமலிருக்க மாட்டுக்கொட்டகைத் தூண்களுக்குப் பூசியதாகச் சொன்னார்.

“மாடு அந்தத் தூணை நக்குமே சார், பால் குடிக்கலாமா?” என்று கேட்டார்.

எங்கள் ஆய்வகத்தில் எண்ணெயை மட்டுமே சோதிக்க முடியும். பாலைச் சோதிக்கும் இடத்தின் முகவரியை எழுதிக் கொடுத்தேன். முடிவு வரும்வரை குழந்தைகளுக்கு அந்தப் பாலைத் தரவேண்டாம் என்றேன். மறுநாள் காலை, அந்தத் தூண்களின் சீவல்களைச் சேகரிக்கக் கண்ணாடிக் குப்பிகளுடன் அவர் வீட்டுக்குப் போனேன்.