தவில்காரரின் கோப்பு

சென்னையில் மார்கழிக் கச்சேரிப் பட்டியல் வெளியாகும் முன்பே எங்கள் சீசன் தொடங்கிவிடும். ஈஸ்டரை ஒட்டி கிளீவ்லாந்தில் 1978 முதல் நடந்துவரும் தியாகராஜ ஆராதனை, அதைத் தொட்டு ஊர் ஊராகப் போகும் கச்சேரிப் பயணங்கள், கோடையில் கோயில் கும்பாபிஷேகங்கள் என்று பலவும் மரபுக் கலைஞர்களுக்கென அமெரிக்கா தரும் பி-3 விசாவை நம்பித்தான் நடக்கின்றன. அதற்கான காகிதங்களைத் திரட்டிக் கொடுப்பது என் வேலை.

விசிட் விசாவில் போய் வாசித்துவிட்டு வந்தால் என்ன என்று இன்னும் கேட்கிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு மேடையேற அதில் இடமில்லை. ‘சம்பாவனைதானே, சம்பளமா?’ என்ற வாதம் இமிகிரேஷன் அதிகாரியிடம் எடுபடாது. அவர் என்ன பெண் வீட்டுக்காரரா, தாம்பூலத்தோடு வழியனுப்ப!

பி-3க்குக் கலைஞர் தானாக மனுப் போட முடியாது. அங்குள்ள அமைப்போ ஏஜென்ட்டோ ஐ-129 படிவத்தைக் குடியேற்றத் துறையிடம் தாக்கல் செய்ய வேண்டும். ஒப்பந்தம், எந்தத் தேதியில் எந்த ஊரில் கச்சேரி என்ற பட்டியல், அந்நாட்டு இசைக்கலைஞர் தொழிற்சங்கத்தின் கருத்துக் கடிதம் எல்லாம் கூடப் போகும். அவசரமென்றால் தனிக் கட்டணம். 2024 பிப்ரவரியில் அது 2,805 டாலராக ஏறியது. இதெல்லாம் பணமும் பொறுமையும் இருந்தால் முடிகிற காரியம்.

நிரூபணம்தான் பெரும்பாடு. கலை மரபு வழி வந்தது, இவர் அதில் தேர்ந்தவர் என்பதற்கு நிபுணர் கடிதங்களோ பத்திரிகை விமர்சனங்களோ காட்ட வேண்டும். பிரபலப் பாடகர் என்றால் கோப்பு தானாகக் கனத்துவிடும். பக்கவாத்தியக்காரரைப் பற்றிக் கடைசி வரியில் ‘பக்கபலமாக அமைந்தது’ என்றிருக்கும். சில நேரம் பெயர்கூட இருக்காது. நாகஸ்வரம், தவில் வாசிப்பவர்கள் நிலை இன்னும் மோசம். கோயில் புறப்பாட்டில் விடிய விடிய வாசிப்பவரைப் பற்றி எந்த விமர்சகர் எழுதுகிறார்?

தஞ்சைப் பக்கத்துத் தவில் வித்வான் ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே திருவிழா நோட்டீஸ்கள், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள். நோட்டீஸில் ஊர்ப் பெயர், பட்டம், அப்புறம்தான் பெயர். பாஸ்போர்ட்டிலோ வெறும் இனிஷியலும் பெயரும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்க வேண்டியதாயிற்று.

“நான்தான் நான்னு எழுதிக் கொடுக்கணுமா தம்பி?”

“ஆமாண்ணே, அதுவும் முத்திரைத்தாள்ல.”

பையின் அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கடிதம் கிடைத்தது. அகில இந்திய வானொலி அவருக்குக் கொடுத்த ‘ஏ’ கிரேடு. அவர் அதை ஒரு பொருட்டாகவே சொல்லவில்லை. அரசு வானொலி ஆடிஷன் வைத்துக் கொடுத்த தரம் அது. பி, பி ஹை, ஏ, டாப் என்ற படிகளை ஒரு குறிப்பில் விளக்கி, கோப்பின் முதல் பக்கமாக வைத்தேன். நோட்டீஸ்களை ஆங்கிலத்தில் பெயர்த்து, மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று கையெழுத்தும் போட்டேன். சுவாமி புறப்படும்போது மல்லாரி ஏன் வாசிக்கிறார்கள் என்று அரைப்பக்கம் எழுதியது மட்டும் வேலையாகவே தோன்றவில்லை.

இந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். அசாதாரணத் திறமையாளர்களுக்கான ஓ-1 விசா ஆளின் புகழை நிறுத்துப் பார்க்கும். மரபுக் கலைக்கென்று தனி வழி விட்டிருப்பது நல்ல விஷயம்தான். ஆனால் காகிதத்தில் ஏறாத வித்வத்து அதன் கண்ணுக்குத் தெரியாது. காகிதத்தில் ஏற்றாதது நம் சபாக்களும் பத்திரிகைகளும்தானே, அமெரிக்கா அல்லவே.

மனு தேறிய பிறகு, கூடப் போகவிருந்த நாகஸ்வரக்காரருக்கு உடம்பு முடியாமல் போனது. குழுவாகப் போட்ட மனுவில் ஒரு கலைஞருக்குப் பதில் இன்னொருவரைச் சேர்க்க, மனுதாரர் தூதரகத்துக்குக் கடிதம் கொடுத்தால் போதும். ஒலியமைப்பாளர் போன்ற உதவியாளர் என்றால் அந்தச் சலுகை கிடையாது. நல்லவேளை, எங்களுக்கு வேண்டியது கலைஞர்.

சென்னை அண்ணாசாலையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்தது. என்ன வாத்தியம், எத்தனை வருடமாக வாசிக்கிறீர்கள் என்ற அளவில்தான் கேள்விகள். வெளியே வந்தவரிடம் வரி விஷயத்தையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. வெளிநாட்டுக் கலைஞர் சம்பளத்தில் வழக்கமாக 30 சதவீதம் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள்.

“முப்பதா? நம்ம ஊர் கல்யாண புரோக்கரே தேவலாமே தம்பி” என்றார்.